பிலோமினாவின் ஒற்றைப் பிடி

கொக்குவில் ஸ்ரேசனுக்குக் கிட்ட, சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற அறையில் வேலை செய்கிறவர்களுக்குப் பொறுமை கட்டாயம் வேண்டும். கீழே ரியூப்புக்குக் காற்றடிக்கிற சத்தம். ரயில் போனால் மேசையே ஆடும். கரண்ட் போனால் வெக்கையில் அவிந்துபோக வேண்டியதுதான். அந்த அறையில் இருந்துகொண்டு டிலக்ஷியும் அஸ்பாக்கும் கொஞ்ச நாளாக ஒரே பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டபாடில்லை.

பிழை அந்த அறையில் இல்லை, குருநகர் துறையடியில் இருந்தது. அங்கே சங்கக் கட்டடத்தின் கூரையில் ஒரு பெட்டி பொருத்திப் பூட்டியிருக்கிறது. வள்ளங்கள் ஒவ்வொன்றிலும் சின்னதாக இன்னொரு பெட்டி. வள்ளத்துப் பெட்டி தான் நிற்கிற இடத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். ஆபத்தென்றால் அழுத்த அதில் ஓர் உதவிப் பொத்தானும் உண்டு. கூரைப் பெட்டி அதைக் கேட்டு வீட்டுக்காரரின் போனுக்கு அனுப்பும். குசினியில் மீன் வெட்டிக்கொண்டே தன் மனுசன் எங்கே நிற்கிறான் என்று ஒருத்தி பார்த்துக்கொள்ளலாம். நல்ல சாமான்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் சில நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, திடீரென்று விறைத்துப்போய் நின்றுவிடும். யாராவது கூரையில் ஏறி வயரைக் கழற்றிப் பூட்டினால்தான் திரும்ப உயிர் வரும்.

சங்கத் தலைவர் செபநாயகம் கோபப்படுகிற மனுசர் இல்லை. அவர் சொன்னது ஒன்றுதான். "பிள்ளை, உது வேலை செய்யாட்டிக் கழட்டிக்கொண்டு போங்கோ. வேலை செய்யுதெண்டு நம்பிக்கொண்டு எங்கடை சனம் கடலுக்குப் போகக்கூடாது."

டிலக்ஷிக்கு அது நன்றாகச் சுட்டது. ஏனென்றால் அவளும் குருநகர்ப் பிள்ளைதான். அவளுடைய அப்பா வின்சன்ற்றின் வள்ளம் 'சந்தியோகு' அந்தத் துறையிலிருந்துதான் இறங்குகிறது. பெட்டிக்குள் ஓடுகிற நிரலின் முக்கால்வாசியை எழுதியதும் அவள்தான். மீதி, வானொலிச் சத்தத்தைப் பிடித்துத் தருகிற பகுதி, அஸ்பாக்கின் வேலை. அஸ்பாக் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய வாப்பா ஜமால்தீன் ஐந்துசந்திப் பக்கம் தங்கள் பழைய வளவுக்குத் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து அவனும் இங்கேதான். வாய்க்காரன், ஆனால் வேலைகாரன்.

பெட்டிக்குள் நினைவகம் கொஞ்சம். மலிவான பெட்டி, அதில் என்ன ஊதாரித்தனம் செய்ய முடியும்? அதனால் டிலக்ஷி சிக்கனமாக எழுதியிருந்தாள். ஒரு வள்ளத்தைப் பார்க்க விரும்புகிறவர் போனில் அதன் பெயரை அழுத்தினால், நினைவகத்தில் அந்த வள்ளத்துக்கு ஓர் இடம் கிடைக்கும், அதன்மேல் ஒரு பிடி விழும். இன்னொருவரும் அழுத்தினால் இரண்டு பிடி. பார்த்து முடித்தவர் 'முடி' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு பிடி குறையும். பெட்டிக்கு ஆட்களைத் தெரியாது, எத்தனை பிடி என்ற கணக்கு மட்டும்தான் தெரியும். கடைசிப் பிடியும் விட்டதும் அந்த இடத்தைத் துடைத்து வேறொரு வள்ளத்துக்குக் கொடுத்துவிடும். பிடியே இல்லாத வள்ளம் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது. பக்கத்துத் துறை வள்ளங்களும் அந்த வழியால் போய்வருவதால் அப்படி வைத்திருந்தாள். எல்லாம் சி மொழியில் எழுதியது. அந்த மொழியில் எழுதுகிறவருக்குப் பின்னால் கூட்டித் துடைக்கத் தும்புத்தடியோடு ஒருவரும் வரமாட்டார்கள். எடுத்ததை எடுத்தவர்தான் திருப்பி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நினைவகம் நிரம்பிப் பெட்டி விறைத்துவிடும்.

"நான் எடுக்கிற இடமெல்லாம் விடுறன்," என்றான் அஸ்பாக். "நீர்தான் எங்கையோ விடாமல் வைச்சிருக்கிறீர்."

"நானும் விடுறன். வடிவாப் பாரும்."

"பாத்திட்டன். அப்ப ஆர் விடாமல் வைச்சிருக்கிறது, ஜின்னோ?"

நிரலை வாசித்து வாசித்துக் கண் பூத்துப்போனதால், பெட்டியையே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். இங்கிருந்தபடியே அதோடு தொடுத்து, எந்த வள்ளத்துக்கு எத்தனை பிடி என்று திரையில் போடச் செய்தாள் டிலக்ஷி. அன்றைக்குச் சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு வீசியது. ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. எல்லாவற்றுக்கும் பூச்சியம் இருந்திருக்க வேண்டும்.

ஒன்றுக்கும் பூச்சியம் இல்லை. மணலில் இழுத்து வைத்திருக்கிற வள்ளங்களுக்கு நாலு பிடி, ஐந்து பிடி. பழுதாகிக் கவிழ்த்துப் போட்டிருக்கிற வள்ளத்துக்குக்கூட இரண்டு. 'சந்தியோகு'வுக்கு மூன்று. ஒன்று அம்மா, ஒன்று தான். மூன்றாவது லண்டனில் இருக்கிற சித்தப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். 'பிலோமினா'வுக்கு ஒன்று.

'பிலோமினா' என்ற பெயரில் அவளுடைய கண் நின்றது. அது லெனாட் மாமாவின் வள்ளம். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். மாமி பிலோமினா செத்தபிறகு வள்ளத்துக்கு அவளுடைய பெயரை வைத்தார். பிள்ளைகள் இல்லை. முந்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் இவர்கள் வீட்டுக்கு வந்து போவார். இப்போது வருவதில்லை.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்டால் சிரிப்பீர்கள். கோயில் பெருநாளில் புனிதரின் சிலையான சுருவத்தைத் தூக்கும்போது முன்தடியில் வலப்பக்கம் எப்போதும் லெனாட்டின் தோள்தான். ஒரு வருடம் அவருக்குக் காய்ச்சல். ஆள் இளைத்துப்போய்க் கிடந்தார். பாவம், மச்சான் எப்படித் தூக்குவார் என்று வின்சன்ற் அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தது சரி, அதை ஒரு சொல் அவரிடம் சொல்லியிருக்கலாமே, மனுசன் சொல்லவில்லை. லெனாட் காய்ச்சலோடு குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தால், தன் இடத்தில் வேறு தோள். அன்று பின்னேரம் இவர்கள் வீட்டுக்கு வந்து ஏசினார். வின்சன்ற்றும் ஏசினார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படலையில் நின்று லெனாட், "நான் போறன்," என்றார்.

இந்தப் பக்கத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவனும், போய்விட்டுத் திரும்பி வருவேன் என்கிற மாதிரி, 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லுவான். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்கிறவன்தான் வெறும் 'போறன்' சொல்லுவான். டிலக்ஷியின் அம்மா யோசப்பினுக்கு அண்ணன் ஏசியதெல்லாம் பொருட்டில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் லெனாட்டின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. துறையில் வின்சன்ற்றும் லெனாட்டும் பக்கத்துப் பக்கத்தில் வள்ளம் கட்டுவார்கள், முகத்துக்கு முகம் கண்டால் இருவருக்கும் வானத்தில் ஏதோ பார்க்க வேண்டியிருக்கும்.

கதை அங்கே போய்விட்டது. பிடிக்கு வருவோம். கரையில் கிடக்கிற வள்ளத்தை யார் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? நிரல் பிழையில்லை. அப்படியென்றால் ஆட்கள்தான். டிலக்ஷி வீட்டுக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் குசினிக்குள் நுழைந்தாள். அப்பா பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோப்பைக்குப் பக்கத்தில் அவருடைய போன் குப்புறக் கிடந்தது.

"அம்மா, அப்பா கடலாலை வந்தாப் பிறகு போனிலை 'முடி' எண்டு இருக்கெல்லே, அதை அமத்திறனீங்களோ?"

யோசப்பின் அகப்பையோடு திரும்பினாள். "உனக்கென்ன விசரோ பிள்ளை?"

"ஏன்?"

"கடலுக்குப் போற மனுசன்ரை பேரிலை 'முடி' எண்டு அமத்திறதோ? அமத்தினால் பேரும் அழிஞ்சு போகுது. பின்வீட்டு ஷெரோன் ஒருக்கா அமத்திப் பாத்திட்டுக் குழறினவள், தெரியுமோ? பேந்து அவன் கரைக்கு வந்து முகத்தைக் காட்டுமட்டும் பச்சைத் தண்ணி குடிக்கேல்லை."

"அப்பா கரையிலைதானே அம்மா. உதிலை இருந்து சாப்பிடுறார்."

"இண்டைக்கு நிக்கிறார். நாளைக்குப் போகமாட்டாரோ?"

 வின்சன்ற் தலை நிமிரவில்லை. போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

டிலக்ஷிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அன்று காலையில்கூட இதே படலையில் நின்று 'போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுப் போனவள்தானே. அதே வாய், அதே கை. கொக்குவில் மேசைக்கு முன்னால் இருந்ததும் 'முடி' என்று ஒரு பொத்தானை வைத்துவிட்டாள், குருநகர்ப் பெண்டுகள் அதை அழுத்துவார்கள் என்றும் நம்பிவிட்டாள். வெளியூர்க்காரன் ஒருவன் செய்திருந்தால் அவளே நக்கலடித்திருப்பாள்.

அடுத்த நாள் அஸ்பாக் அதைக் கேட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். "எங்கடை வீட்டிலையும் உதுதான். வாப்பா புத்தளத்துக்கு மாசக்கணக்கிலை போறதெண்டாலும் 'வாறன்'தான். நாங்கள் ரெண்டு பேரும் நல்ல ஆக்கள்."

"சிரிச்சது காணும். என்ன செய்யிறது எண்டு சொல்லும்."

"வள்ளம் கரையைத் தொட்டவுடனை எல்லாப் பிடியையும் நாங்களே வெட்டி விடுவம். காலமை இறங்கேக்கை வீட்டிலை இருக்கிறவை புதுசாப் பிடிக்கட்டும். பிடிக்கிறதுக்கு ஒருத்தரும் பின்னுக்கு நிக்கமாட்டினம், விடுறதுக்குத்தானே மனம் வரேல்லை."

கெட்டித்தனமான யோசனைதான். டிலக்ஷிக்கு ஒன்று மட்டும் இடறியது. "'பிலோமினா'வை ஆர் பிடிச்சிருக்கிறது? மாமாவுக்கு வீட்டிலை ஒருத்தரும் இல்லை. அவற்றை போன் தன்ரை வள்ளத்தைப் பிடிக்காது."

"பெட்டி பூட்டின அண்டு எல்லா வள்ளத்தின்ரை பேரும் எல்லாற்றை போனிலையும் வந்ததெல்லே. ஆரோ கை தவறி அமத்தியிருப்பினம்."

இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பிழை அகப்பட்ட சந்தோசத்தில் யாருக்குத்தான் நின்று யோசிக்கத் தோன்றும்?

பின்னேரத்துக்குள் மாற்றி எழுதிப் பெட்டியில் ஏற்றினார்கள். மணலில் கிடந்த அத்தனை வள்ளத்தின் பிடியும் கழன்று பூச்சியமானது. டிலக்ஷி அம்மாவுக்குப் புது முறையைச் சொல்லிக் கொடுத்தாள். போனில் 'எங்கடை வள்ளம்' என்று இருக்கிறதைக் காலையில் ஒருக்கால் அழுத்தினால் போதும். யோசப்பினுக்குச் சொன்னால் ஒழுங்கை முழுவதற்கும் சொன்ன மாதிரி. பொழுது படுவதற்குள் பெண்டுகள் எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. காலையில் அழுத்துவதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. செபமாலையோடு சேர்த்து அதையும் செய்துவிட்டால் ஆயிற்று.

மறுநாள் விடியச் சோளகம் கொஞ்சம் தணிந்தது. வள்ளங்கள் இறங்கின. பெட்டி அடம்பிடிக்காமல் ஓடியது. நினைவகத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. அஸ்பாக் கீழே போய் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிக்கொண்டு வந்தான். வாயில் வைக்கவில்லை, டிலக்ஷியின் போன் அடித்தது. அப்பா. வேலைநேரத்தில் ஒருநாளும் எடுக்காத மனுசர்.

"என்னப்பா, எங்கை நிக்கிறியள்?"

"நான் நிக்கிறது கிடக்கட்டும் பிள்ளை." இஞ்சின் சத்தம் கேட்டது. காற்றும் கேட்டது.  "போனிலை லெனாட்டின்ரை வள்ளம் காட்டேல்லை."

 அந்தப் பெயரை அப்பாவின் வாயால் கேட்டு எத்தனை வருடம்.

"ஒவ்வொரு நாளும் காட்டுறது," என்றார் வின்சன்ற். "காலமை தொடக்கம் இல்லை. நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ தெரியேல்லை. அவன் இண்டைக்குத் தனியத்தான் இறங்கினவன், கூடப் போற ஆள் வரேல்லை. அவன்ரை போனுக்கும் எடுத்துப் பாத்தன், அடிக்கேல்லை."

கை தவறி யாரும் அழுத்தவில்லை. கோப்பைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த போன்தான் அது. உலகத்தில் லெனாட் மாமா கடலில் எங்கே நிற்கிறார் என்று பார்க்க ஒரேயொரு ஆள் இருந்தார், அவரோடு கதைக்காத ஆள். அந்த ஒற்றைப் பிடியைத் தன் கையாலேயே வெட்டி எறிந்திருக்கிறாள்.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை அப்பா," என்றாள். "பிழை என்ரை. போனை வையாதேங்கோ."

அஸ்பாக் ரோல்ஸை வைத்துவிட்டு ஏற்கெனவே தட்டச்சில் கை வைத்திருந்தான். வானொலிப் பகுதி கேட்டதையெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு அப்படியே வைத்திருக்கும், பிடி இல்லாத வள்ளமென்றாலும். அதற்குள் 'பிலோமினா'வைத் தேடினான். பார்க்கப் பார்க்க அவனுடைய முகம் மாறியது.

"டிலக்ஷி, அவர் உதவிப் பொத்தானை அமத்தியிருக்கிறார். ஒரு தரமில்லை, திருப்பித் திருப்பி அமத்தியிருக்கிறார்."

கூரைப் பெட்டி ஒவ்வொன்றையும் ஒழுங்காகக் கேட்டிருந்தது. கேட்டு, இது ஒருவருக்கும் வேண்டாத வள்ளம் என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கிவிட்டது. அப்படி ஒதுக்கு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான்.  டிலக்ஷி 'பிலோமினா'வுக்கு ஓர் இடம் எடுத்து, அதன்மேல் தன்னுடைய பிடியைப் போட்டு, அதை அப்பாவின் போனுக்கும் அனுப்பிவிட்டாள். பெட்டி திரும்பக் கேட்கத் தொடங்கியது.

"இப்ப பாருங்கோ அப்பா."

"ஓம், காட்டுது." ஒரு கணம் கழித்து, "உங்கை ஏன் போய் நிக்கிறான்? அது அவன் வலை விடுற இடமில்லையே," என்றார். பிறகு இஞ்சின் சத்தம் பெருத்தது. போன் நின்றுவிட்டது.

அஸ்பாக்கின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து குருநகர் வரும்வரை அவள் போனைப் பார்த்தபடியே வந்தாள். மண்டைதீவுக்குத் தெற்கே இரண்டு புள்ளிகள். ஒன்று காற்றோடு இழுபட்டுப் போகிறது, மற்றது அதை நோக்கி ஓடுகிறது. துறையடியில் செபநாயகம் நின்றார். இன்னொரு வள்ளத்தையும் அனுப்பியிருந்தார். யோசப்பினும் வந்து நின்றாள், யார் சொன்னார்களோ.

"ஆற்றை வள்ளத்துக்கு அந்தரம்?" என்றாள். டிலக்ஷி போனைக் காட்டினாள். யோசப்பின் 'பிலோமினா' என்ற பெயரை எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெல்ல வாசித்தாள். முந்தானைக்குள் கையை விட்டுச் செபமாலையை எடுத்தாள்.  இரண்டு புள்ளியும் ஒன்றாகி, ஒன்றாகவே கரைப்பக்கம் திரும்புகிறவரை அவளுடைய உதடு அசைந்துகொண்டேயிருந்தது.

'சந்தியோகு' கயிறு கட்டி 'பிலோமினா'வை இழுத்துக்கொண்டு வந்தது. லெனாட் 'சந்தியோகு'வில் குந்தியிருந்தார். இஞ்சின் காத்தாடியில் யாருடையதோ வலை சுற்றிவிட்டது, குனிந்து வெட்டப்போக அலை அடித்துக் கத்தி முழங்கைக்குக் கீழே ஏறிவிட்டது. போன் தண்ணீருக்குள். ஒற்றைக் கையால் என்ன செய்யலாம்? வெட்டுப்பட்ட கையில் வின்சன்ற்றின் சாரத்துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் ஆள் நினைவோடு இருந்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அதை இங்கே சொல்ல வேண்டாம்.

இறக்கும்போது வின்சன்ற் மச்சானின் இடுப்பில் கைகொடுத்துப் பிடித்தார்.  ஓட்டோவில் ஏற்றிவிட்டு வின்சன்ற் மணலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

டிலக்ஷி செபநாயகத்திடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "பெட்டி பிழையில்லை. நாங்கள் எழுதினதுதான் பிழை. அவர் கூப்பிட்டது பெட்டிக்குக் கேட்டிருக்கு."

செபநாயகம் அவளை ஏசுவார் என்று நினைத்தாள். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "அப்ப திருத்துங்கோ," என்றுவிட்டு அவர் 'பிலோமினா'வை மணலில் இழுக்க ஆட்களைக் கூப்பிடப் போனார்.

வீட்டில் கிணற்றடியில் கால் கழுவும்போது வின்சன்ற் மகளைக் கூப்பிட்டார். அம்மா குசினியில் இருக்கிறாளா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான் போனிலை பாத்துக்கொண்டிருக்கிறனான் எண்டு மாமாவுக்குச் சொல்லிப்போடாதை."

"இல்லையப்பா."

"கொம்மாவுக்கும்."

அடுத்த நாள் அஸ்பாக் வழக்கமான பகிடி ஒன்றும் விடவில்லை. வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒருத்தரும் பாக்காட்டிலும் கடலிலை நிக்கிற வள்ளம் உயிரோடை இருக்கோணும். அதை நாங்கள் ஆற்றையும் தயவிலை விடக்கூடாது," என்றான்.

அதுதான் முழுப் பிழையும். யார் பார்க்கிறார்கள் என்பதை வைத்து ஒரு வள்ளத்தின் ஆயுளை அளந்திருந்தார்கள். இருவரும் அடித்தளத்திலிருந்து மாற்றினார்கள். துறையில் பதிந்த வள்ளம் இறங்கினால் பெட்டியே அதைப் பிடித்துக்கொள்ளும். கரைக்கு வந்தால் பெட்டியே விடும். பார்க்கிறவர்களின் கையில் இருப்பது இனிமேல் பிடி இல்லை, வள்ளத்தை அறிந்து வைத்திருத்தல் மட்டுந்தான். அது நினைவகத்தை அடைக்காது. அதனால் பெயரையும் யாருடைய போனிலிருந்தும் அழிக்கத் தேவையில்லை. வள்ளம் கரையில் கிடந்தாலும் பெயர் கிடக்கும். 'முடி' பொத்தானை டிலக்ஷி தூக்கி எறிந்தாள்.

சில நாள் போயிற்று. பெட்டி ஒருதரமும் விறைக்கவில்லை. ஒரு பின்னேரம் படலையடியில் யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. டிலக்ஷி எட்டிப் பார்த்தாள். கையில் கட்டோடு லெனாட் மாமா தெருவில் நின்றார்.

"பிள்ளை நிக்கிறியோ?"

"உள்ளுக்கு வாங்கோ மாமா."

"இல்லை, நான் உதிலை நிக்கிறன்." மற்றக் கையில் பெட்டியும் பிரிக்காத புதுப் போன் ஒன்று இருந்தது. "பழையது தண்ணிக்குள்ளை போட்டுது. எனக்கு உதுகள் விளங்காது. பழசிலை இருந்ததை இதிலையும் போட்டுத் தா."

"பழசிலை என்ன இருந்தது மாமா?"

லெனாட் ஒழுங்கையைப் பார்த்தார். பக்கத்து மதிலில் இருந்த காகத்தைப் பார்த்தார். "ஒரு வள்ளந்தான்," என்றார்.

டிலக்ஷி எந்த வள்ளம் என்று கேட்கவில்லை. மூன்றாவது பிடி லண்டன் சித்தப்பா என்று நினைத்திருந்தாளே, அந்த மனுசன் லண்டனில் எங்கே இதையெல்லாம் பார்க்கப் போகிறார். போனைச் சரிப்படுத்தி, 'சந்தியோகு' என்ற பெயரை எடுத்து வைத்து, அவரிடம் நீட்டினாள். மணலில் கிடக்கிற வள்ளம் மணலில் கிடப்பதாகவே காட்டியது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்டைக்குக் காலமை உது காட்டேல்லை. ஒவ்வொரு நாளும் காட்டுறது, அண்டைக்கு இல்லை. எனக்கு மனம் ஒரு மாதிரிப் போட்டுது. கொப்பர் தெற்குப் பக்கந்தானே வலை விடுறவர், ஒருக்காப் போய்த் தூரத்திலை நிண்டு பாத்திட்டு வருவம் எண்டு போனன். அங்கைதான் ஆற்றையோ வலைக்கு மேலாலை ஏத்திப்போட்டன்."

டிலக்ஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் வெட்டிவிட்டது ஒற்றைப் பிடியை இல்லை. ஒரே கடலில், ஒரே காலையில், ஒருவரை ஒருவர் காணவில்லை என்று இரண்டு கிழடுகளும் ஆளுக்கொரு பக்கம் அந்தரப்பட்டிருக்கிறார்கள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா," என்றாள். "அது என்னாலை வந்தது."

"உனக்கென்ன, நீ என்ன செய்தனி." அவருக்கு அது விளங்கவில்லை, விளங்கவேண்டியதும் இல்லை. "கொப்பருக்குச் சொல்லிப்போடாதை."

"இல்லை மாமா."

குசினி யன்னல் படலைக்கு நேரே இருக்கிறது. உள்ளே எப்போது கறி தாளிக்கிற சத்தம் நின்றது என்று டிலக்ஷி கவனிக்கவில்லை. யோசப்பின் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி முற்றத்தால் வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்கட்டைப் பார்த்தாள்.

"தையல் எப்ப வெட்டுறது?"

"வாற கிழமை."

"தண்ணி படாமல் வைச்சிருங்கோ."

"ஓம்."

 லெனாட் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். வெளியே எடுத்து, பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். திரும்பி நடந்தார். கொஞ்சத் தூரம் போனவர், நின்றார்.

"அப்ப நான் வாறன்," என்றார்.

யோசப்பின் படலைக்கு வெளியே ஓரடி எடுத்து வைத்தாள். "ஓம், போட்டு வாங்கோ அண்ணை," என்றாள்.

அவர் ஒழுங்கை முடக்கில் மறையும்வரை அவள் நின்றாள். பிறகு படலையைச் சாத்தினாள். கொழுக்கியைப் போடவில்லை.